கொடுப்பில் அடக்கியது

அண்மையில் உத்தமபாளையத்தில் முதியோர்க்கென நடந்த பல்நலக் கூட்டம் ஒன்றிற்குச் சென்றிருந்தேன். உரையாற்றிய இளம் மருத்துவர் தெளிவாகப் பேசினார், குறை சொல்வதற்கில்லை. முடிவாக மட்டும் ஒன்று சொன்னார்: அவரவர் வாய் அவரவர் பொறுப்பு. என்னைச் சூழ அமர்ந்திருந்த என் அகவையினர் அனைவரும் தலையசைத்தனர். நான் அசைக்கவில்லை. ஒருவர் வாய் அவர் ஒருவர்க்கே உரியது அன்று என்பதை ஒன்பதாம் அகவையில் கண்ணாரக் கண்டவள் நான். கண்டதை எழுதி வைக்காமல் போனால், அன்று அவையிலிருந்தோர் அசைத்த தலையே உண்மை என்று நிலைத்துவிடும். அதனால் எழுதுகின்றேன். என்னோடு ஒத்த அகவையினரே, உங்களுள் பலர்க்கு இந்நிகழ்ச்சியின் ஒரு துண்டேனும் தெரிந்திருக்கும். முழுவதையும் இங்கே கோத்துத் தருகிறேன்.

எங்கள் ஊர் சின்னமனூர். ஆற்று வாய்க்கால் பாயும் நிலத்தில் நெல்லுக்கு அடுத்தபடி அந்நாளில் கொடிக்கால்தான் மிகுதி. அகத்தி மரங்களை நெருக்கமாக நட்டு, அவற்றின்மேல் வெற்றிலைக் கொடியை ஏற்றிக் கட்டியிருப்பர். வெளியே உச்சி வெயில் கொளுத்தும் போதும் உள்ளே கால் வைத்தால் ஈர மண்ணின் குளிர்ச்சி கணுக்காலில் ஏறும். மூச்சை இழுத்தால் காரமும் பசுமையும் கலந்த மணம் தொண்டையில் தங்கும். அக்கொடிக்கால்களுள் ஒன்று என் அத்தையின் கணவருடையது. அத்தை என் தந்தைக்கு மூத்தவர்; எங்களுக்கு அடுத்த தெருவில் வாழ்ந்தார்.

ஊரில் எவர் வீட்டில் காதணி விழா, வளைகாப்பு, திருமணம் என்றாலும், பெண்களை அழைக்கப் புறப்படும் குழுவில் அத்தை இருந்தே ஆக வேண்டும். அவர் போய் அழைத்தால் முகம் திருப்பியிருந்தவர்களும் வந்து பந்தியில் அமர்வார்கள் என்று பெயர். அந்தப் பெயரில் அவர்க்குப் பெருமையும் உண்டு. இடுப்பில் சுருக்குப்பை, கையில் பித்தளை வெற்றிலைப் பெட்டி. பெட்டிக்குள் கிளி வடிவிலான பாக்குவெட்டியும், கோழி முட்டை அளவில் ஒரு சுண்ணாம்புக் கரண்டகமும் இருக்கும். கரண்டகத்தின் மூடியோடு சிறு சங்கிலியில் ஒரு கரண்டி தொங்கும். அத்தை தெருமுனையில் திரும்பும் போதே அந்தச் சங்கிலியின் ஒலி எங்கள் வீட்டுக்கு எட்டும். அப்பெட்டி இன்று எவரிடம் உள்ளதென்று அறியேன். பழைய பித்தளைக்கு எடை போட்டிருப்பார்கள்.

எங்கள் தெருக்களில் வெற்றிலைக்கு ஓர் இலக்கணம் இருந்தது. ஒரு வீட்டில் கொடுத்த சுருளை அங்கேயே வாயிலிட்டு மென்றால், உறவு உறுதி. மடியில் முடிந்துகொண்டால், எண்ணிப் பார்த்துச் சொல்கிறேன் என்பது பொருள். தட்டிலேயே விட்டு எழுந்தால் பகை. இதனை எவரும் எவர்க்கும் கற்பித்ததில்லை. சிறுமியாகிய எனக்கும் தெரிந்திருந்தது. பெண்கள் சுருளோடு ஒரு கிள்ளுப் புகையிலையும் சேர்த்து மென்று, சாறு ஊற ஊற அதனை ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்துக்கொள்வர். அவ்வாறு ஒதுக்கும் இடத்திற்கு எங்கள் பக்கத்தில் கொடுப்பு என்று பெயர்; கன்னத்தின் உட்புறம், கடைவாய்ப் பல்லின் ஓரம். பெண் எடுத்துப் பெண் கொடுக்கும் உறவையோ கொள்வினை கொடுப்பினை என்கிறோம். இரண்டிற்கும் வேர் ஒன்றா என்பதைச் சொல்லாராய்ச்சியில் வல்லார் முடிவு செய்க. என் நினைவில் அவ்விரு சொற்களும் ஒரே பருவத்தில் வந்து மோதிக்கொண்டன.

அந்த ஆண்டு ஐப்பசி மழை இறங்கத் தொடங்கிய வேளையில் என் தமக்கைக்கு மணப்பேச்சு வந்தது. மணமகன் வீட்டார் போடியில் ஏலக்காய் வணிகர். அதற்கு முன்னே ஒன்று சொல்ல வேண்டும். அத்தைக்கு ஒரே மகன். கோவையில் நெசவாலைப் பணியில் இருந்தார். முறைப்படி என் தமக்கை அவர்க்கே என்று ஊரார் எண்ணியிருந்தனர். மகனுக்கோ அதில் நாட்டமில்லை. அத்தையே ஒரு நாள் எங்கள் வீட்டிற்கு வந்து, அதனை மறைக்காமல் தந்தையிடம் சொல்லி, வெளியே மணமகன் பார்க்கும்படி கேட்டுக்கொண்டார். தந்தையும் ஒப்பினார். அத்துடன் அது முடிந்தது என்றே அனைவரும் நினைத்தோம்.

அக்காலத்தில் அத்தை அடிக்கடி எங்கள் வீட்டில்தான் உண்பார். ஒரு நாள் அவர் குழம்பைத் தொடாமல் மோரை ஊற்றிப் பிசைந்து உண்டதைத் தாய் கண்டார். வயிறு சூடு என்றார் அத்தை. மறுமுறையும் அவ்வாறே. எங்கள் பக்கத்தில் மிளகாய் படாமல் உண்பவர் கைக்குழந்தையாகவோ நோயாளியாகவோ இருத்தல் வேண்டும். மூன்றாம் முறை தாய் அவரைக் கைப்பிடித்துக் கொல்லை வாயிலுக்கு இழுத்துச் சென்று, வாயைத் திறக்கச் சொன்னார். இடக் கொடுப்பில், காய்ந்த பாலாடை ஒட்டியதைப் போல ஒரு வெண்திட்டு. தாய் துணி நுனியால் துடைத்துப் பார்த்தார், அது போகவில்லை. அத்தை துணியைத் தள்ளிவிட்டு, எரியுது என்றார்.

இரண்டு நாளில் எனக்குப் பல்வலி வந்தது. அதாவது, வந்ததாகத் தந்தையிடம் சொல்லப்பட்டது. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு இருக்கும்படி தாய் எனக்குக் கட்டளையிட்டார். மணப்பேச்சு நடக்கும் வீட்டில், பெண்ணின் அத்தைக்கு வாயில் ஏதோ என்ற சொல் வெளியேறக் கூடாது. புற்று என்னும் சொல்லை அந்நாளில் எவரும் உரக்க உச்சரிப்பதில்லை. குடிவழியாக வரும் என்று அஞ்சினர். ஆகவே நோயாளி நான், துணைக்கு வருபவர் அத்தை என்று ஏற்பாடு. மூவரும் தேனிக்குப் பேருந்து ஏறினோம்.

பல் மருத்துவரின் அறை சந்தைக்கு அருகே ஒரு கடையின் மாடியில் இருந்தது. கீழே மிளகாய் வற்றலும் புளியும் மூட்டை மூட்டையாக இறங்கிக்கொண்டிருந்தன. படியேறுபவர் அனைவரும் தும்மிக்கொண்டே ஏறினர். மேலே கிராம்பு எண்ணெயின் மணம். காலால் மிதித்து உயர்த்தும் நாற்காலி ஒன்று. மருத்துவர் முதலில் என்னைத்தான் அழைத்தார், நான்தானே கன்னத்தைப் பிடித்திருந்தேன். அவர் வாயைத் திறந்து பார்த்து, ஆடிக்கொண்டிருந்த பாற்பல் ஒன்றைக் கண்டு, நான் அழத் தொடங்கும் முன்பே பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார். பொய் சொன்னதற்குக் கைமேல் பலன் என்று அத்தை சிரித்தார். அன்று அவர் சிரித்தது அத்துடன் சரி.

அத்தையின் வாயை மருத்துவர் நெடுநேரம் பார்த்தார். எத்தனை ஆண்டுகளாகப் புகையிலை என்று கேட்டார். மணமான நாள் முதல் என்றார் அத்தை.

"இது இன்னும் கெட்டதா மாறல. வெத்தலை, பாக்கு, புகையிலை மூணையும் இன்னைக்கே விட்டுடுங்க. விட்டா, தானாவே மறையலாம். விடலைன்னா, அடுத்த தடவை உங்களை மதுரைக்கு அனுப்ப வேண்டியிருக்கும்" என்றார் மருத்துவர்.

விசேட வீடுகளில் ஒரே ஒரு சுருள் மட்டும் போடலாமா என்று அத்தை கேட்டார். ஒன்றும் கூடாது என்றார் அவர். நல்ல மனிதர், பரிவோடுதான் சொன்னார். ஆயினும், கதவைத் திறந்துவிடுங்கள் என்பதைப் போல எளிய ஒன்றைச் சொல்லிவிட்டதாகவே அவர் எண்ணியிருப்பார். பாக்கு மட்டுமே தனித்தும் தீங்கு செய்யும் என்பதை நான் பிற்காலத்தில்தான் அறிந்தேன். அவர் அன்றே மூன்றையும் சேர்த்துச் சொன்னது சாலச் சரி. சொல்லாமல் விட்டது ஒன்றுதான். அதனைப் பேருந்தில் அத்தை சொன்னார்.

"டாக்டரு என் வாயைத்தான் பாத்தாக, தாயி. ஊரைப் பாக்கல."

பேருந்து வீரபாண்டியைத் தாண்டும் வரை என் தாய் அத்தையின் கையைத் தம் மடியில் வைத்திருந்தார்.

அத்தை முயன்றார். முதலில் விரதம் என்றார். எந்தச் சாமிக்கு இத்தனை நாள் விரதம் என்று பெண்கள் கேட்கத் தொடங்கியதும், பல்வலி என்றார். பல்வலிக்கு வெற்றிலைதானே மருந்து என்று ஒருவர் இருமடங்கு புகையிலை வைத்து நீட்டினார். வாய்க்கால் படித்துறையில் கடைக்கோடி வீட்டுக்காரி ஒருவர் இருந்தார். நாவில் முள் வைத்துப் பேசுபவர். "என்ன மதினி, ஒங்க கொடிக்கால் இலையெல்லாம் வெளியூருக்கே போயிருச்சா, வீட்டுக்கு ஒரு காம்புகூட மிஞ்சலையா?" என்று அவர் கேட்க, துணி துவைத்துக்கொண்டிருந்த அனைவரும் சிரித்தனர். அத்தையும் சேர்ந்து சிரித்தார். ஆனால், வழக்கம்போல வாய் திறந்து சிரிக்கவில்லை. அவர் உதட்டை மூடிச் சிரித்ததைக் கண்டவர்கள், கொடிக்கால்காரிக்குச் செருக்கு வந்துவிட்டது என்று பேசிக்கொண்டனர்.

ஒரு நாள் மாலை வளைகாப்பு வீட்டிலிருந்து அவர் திரும்பிய போது உதடு சிவந்திருந்தது. கருவுற்ற பெண்ணே தன் கையால் ஊட்ட வந்ததாகவும், அந்தக் கையைத் தட்ட மனம் வரவில்லை என்றும் சொன்னார். தாய் கடிந்துகொள்ளவில்லை, வாயைக் கொப்புளிக்க வெந்நீர் கொடுத்தார். அத்தை கொல்லையில் நெடுநேரம் கொப்புளித்துக்கொண்டே இருந்தார். அன்பினால் நீட்டிய கையே அவர் வாயைத் தின்றுகொண்டிருந்தது என்று இன்று எனக்கு எழுதத் தெரிகிறது. அன்று அந்தக் கொப்புளிக்கும் ஒலி மட்டுமே தெரிந்தது.

தை பிறந்ததும் உறுதி செய்யும் நாள் குறித்தனர். போடியிலிருந்து வாடகை மகிழுந்தில் வந்து இறங்கினார்கள். மணமகனின் தாயாரைப் போடி அம்மையார் என்றே குறிக்கிறேன். உயர்ந்த உருவம், வைரத் தோடு, கூடத்தின் கோடி வரை கேட்கும் குரல். அவர் இறங்கியதும் ஏலக்காய் மணம் முன்னே நடந்து வந்தது. வாயில் வெற்றிலை இல்லாமல் அவரை நாங்கள் ஒரு நொடியும் காணவில்லை. என் தமக்கை கதவோரம் நின்று, அந்தக் குரலைக் கேட்டே பாதி அஞ்சிப் போயிருந்தார்.

பேச்சு நல்லவண்ணம் முடிந்தது. தட்டு மாற்றினர். அடுத்து வழக்கப்படி இரு வீட்டின் மூத்த பெண்களும் ஒரே தட்டிலிருந்து ஆளுக்கொரு சுருள் எடுத்து வாயிலிட வேண்டும். எங்கள் பக்கத்தில் அந்த உரிமை பெண்ணின் அத்தைக்கு. போடி அம்மையார் எடுத்து மென்றார். அத்தை எடுத்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு மெல்லக் குனிந்து, அதனை மடியில் வைத்து முடிந்தார்.

கூடத்தில் விசிறிகள் நின்றன.

"என்ன சம்பந்தி, மடியில முடிஞ்சுட்டீக? இன்னும் யோசனை பாக்கி இருக்கோ?" என்றார் போடி அம்மையார்.

அத்தை தலைகுனிந்தே இருந்தார். தந்தையின் முகம் கறுத்தது. வாயில் போடுக்கா என்று ஒருமுறை தணிந்த குரலில் சொன்னார். அத்தை அசையவில்லை. அப்போது தந்தை சொன்ன சொல்லை நான் மாற்றாமல் தருகிறேன்.

"ஒன் மகனுக்குத்தான் வேணும்னா அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லக்கா. இப்படிச் சபையில வச்சு ஏன் அறுக்குற?"

தந்தை நேர்மையானவர், தம் அக்காவாகிய அத்தையிடம் உயிராக இருந்தவர். ஆயினும், எங்கள் தெருவின் இலக்கணத்தில் மடியில் முடிந்த வெற்றிலைக்கு ஒரே பொருள்தான் உண்டு. அந்தப் பொருளுக்குப் பொருத்தமாக ஊரார் மென்று வைத்திருந்த கதையும் ஒன்று உண்டு. இரண்டையும் சேர்த்துத் தவறாகப் படித்தார். அக்கூடத்திலிருந்த அனைவரும் அவ்வாறே படித்தனர்.

அத்தை நிமிர்ந்து தம்பியைப் பார்த்தார். மடியை அவிழ்த்தார். சுருளை எடுத்து வாயருகே கொண்டுபோனார். பின்கட்டு வாயிலில் நின்ற என் தாய், ஆண்கள் அமர்ந்த அவை என்பதையும் மறந்து, கூடத்தின் நடுவே வந்து அந்த மணிக்கட்டைப் பற்றினார்.

"போடாதீக மதினி."

அவ்வளவே சொன்னார். காரணம் சொன்னால் திருமணம் நிற்கும், சொல்லாவிட்டாலும் நிற்கும். இரண்டிற்கும் இடையில் அந்தக் கை நின்றது. என் தந்தை தாயை நோக்கி வாயெடுக்கும் முன், போடி அம்மையார் எழுந்தார். இரு பெண்களின் கையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, கொல்லையில் வாயைக் கொப்புளிக்க வேண்டும், வழி காட்டுங்கள் என்று அத்தையின் தோளில் கை வைத்து அழைத்துச் சென்றார். அது வேண்டுகோள் போல இல்லை.

தாயின் பின்னே நின்று அனைத்தையும் கண்ட நான், அவர்களுக்கு முன்பே கிணற்றடிக்கு ஓடித் தட்டுகளைக் கழுவத் தொடங்கியிருந்தேன். உச்சி வெயில். போடி அம்மையார் குரலைத் தாழ்த்தி, நேராகக் கேட்டார்.

"எம்மகன்கிட்ட என்ன கொறை கண்டீக? இங்கன வச்சுச் சொல்லுங்க. அங்கன போயி நான் பேசிக்கிறேன்."

அத்தை கதிரவனை நோக்கித் திரும்பி, வாயைத் திறந்து, ஒரு விரலால் கன்னத்தை இழுத்துக் காட்டினார். நன்கு வளர்ந்த பெண், பட்டுச் சேலையும் பூவுமாக, பெண் கேட்டு வந்த வீட்டாரின் முன் வாயைப் பிளந்து நிற்பது எத்தகைய தாழ்வு என்பதை நினைத்துப் பாருங்கள்.

போடி அம்மையார் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வாழை மரத்தடிக்குச் சென்று தம் வாயில் இருந்ததை முழுவதும் உமிழ்ந்தார். தவலையிலிருந்து தண்ணீர் மொண்டு கொப்புளித்தார். திரும்பி வந்து, அத்தையின் எதிரே நின்று, தாமும் வாயைத் திறந்து கன்னத்தை இழுத்தார்.

இருவரும் ஒருவர்க்கொருவர் பழிப்புக் காட்டுகிறார்கள் என்றே நான் எண்ணினேன். பள்ளியில் நாங்கள் சண்டையிடும் போது அப்படித்தான் செய்வோம். சிரிப்பை அடக்கத் தட்டில் முகத்தைப் புதைத்தேன். பேச்சுக் கேட்டுத்தான் நிமிர்ந்தேன்.

"எனக்கு மொளகா பட்டா உசுரு போகுது. போன கோடையில இருந்து இருக்கு. வீட்டுல ஆருகிட்டயும் சொல்லல" என்றார் போடி அம்மையார்.

மருத்துவரிடம் போனீர்களா என்று அத்தை கேட்டார்.

"சம்பந்தம் முடியட்டும்னு இருந்தேன். வாயில புண்ணு வந்தவ வீட்டுக்கு ஆரு பொண்ணு குடுப்பா?"

அதைக் கேட்டதும் அத்தை அழுதார். உடனே சிரிக்கவும் செய்தார். இரு வீட்டாரும் ஒருவரிடமிருந்து ஒருவர் மறைத்து வைத்திருந்தது ஒன்றேதான். அத்தை போடி அம்மையாரின் தாடையைப் பிடித்து வெயிலுக்குத் திருப்பி, இன்னொரு முறை பார்த்தார். பார்த்ததும் அவர் முகம் மாறியது. எதிரே இருந்தது வெண்திட்டு மட்டும் அன்று, ஓரம் தடித்துச் சிவந்திருந்தது. தேனியில் ஒரு மருத்துவர் இருக்கிறார், நாளைக்கே போகிறோம் என்றார். கட்டளையிடும் முறை இப்போது அத்தையுடையதாயிற்று.

கூடத்திற்குத் திரும்பிய போடி அம்மையார் அமரவில்லை. தம் சுருக்குப்பையை அவிழ்த்து, ஒரு கை ஏலக்காயைத் தட்டில் வெற்றிலையின் பக்கத்தில் கொட்டினார். தாம் ஒன்றை எடுத்து மென்று, ஒன்றை அத்தையின் வாயில் இட்டார். மணமகன் பக்கத்துப் பெரியவர் ஒருவர், வெற்றிலை மெல்லாமல் மங்கலம் எப்படி நிறையும் என்று முறையிட்டார்.

"இலை தட்டுக்கு. காயி வாய்க்கு. இனிமே எங்க ரெண்டு வீட்டுக்கும் இதான் மொறை" என்றார் போடி அம்மையார்.

ஏலக்காய் வணிகர் வீட்டு அம்மையார் ஏலக்காயை உயர்த்திப் பேசுகிறார் என்று நினைத்து ஆண்கள் சிரித்துவிட்டனர். அந்தத் தவறான எண்ணமே திருமணத்தைக் காத்தது. தந்தை அன்றிரவே தாய் வழியாக உண்மையை அறிந்தார். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. மறுநாள் அத்தையின் வீட்டிற்குச் சென்று, கொடிக்காலுக்குத் தண்ணீர் பாய்ந்ததா என்று மாமாவிடம் கேட்டுவிட்டு, அத்தை கொடுத்த மோரைக் குடித்துவிட்டு வந்தார். எங்கள் வீட்டு ஆண்களால் அவ்வளவே இயலும். அத்தைக்கு அதுவே போதுமானதாக இருந்தது என்று நினைக்கிறேன், எனக்குப் போதவில்லை.

தேனி மருத்துவர் போடி அம்மையாரை மதுரைக்கு அனுப்பினார். அங்கே கன்னத்தின் உட்புறத்தில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தனர். திருமணம் வைகாசிக்குத் தள்ளிப் போயிற்று. மருத்துவமனையில் துணையிருந்தவர் அத்தை. கூழைச் சிறு கரண்டியால் ஊட்டினார். இரவில் வெற்றிலை நினைவு வந்து உடல் நடுங்கும் போது கட்டிலில் கிடப்பவரைப் பார்ப்பாராம். கட்டிலில் கிடப்பவர், இவர் எழுந்து கடைக்குப் போய்விடுவாரோ என்று தூங்காமல் இவரையே பார்ப்பாராம். அவ்வாறு ஒருவர்க்கு ஒருவர் காவலாக இருந்து விட்டொழித்தனர். மருத்துவர் சொல்லால் வளைகாப்பு வரையில்தான் அத்தையால் தாக்குப்பிடிக்க முடிந்தது. மதுரையிலிருந்து திரும்பிய பிறகு அவர் ஒரு சுருளும் தொட்டதில்லை. வெண்திட்டு மெல்ல மெல்லச் சுருங்கி, அடுத்த பொங்கலுக்கு முன் மறைந்துவிட்டது. போடி அம்மையார்க்கு வாய் முன்போல அகலத் திறக்கவில்லை. குரல் மட்டும் குறையவில்லை.

ஊரெல்லாம் காய் தின்றால் தம் கொடி என்னாவது என்று மாமா கேலி பேசுவார். தட்டுக்கு இலை வேண்டாமா, பேசாமல் இலையை அடுக்கிக் கவுளி கட்டுங்கள் என்பார் அத்தை. அழைப்புக்குப் போகும் வீடுகளில் பெண்கள், இலையா காயா என்று கேட்கத் தொடங்கினர். காய் கேட்டவரை எவரும் உறவை அறுத்தவர் என்று சொல்லவில்லை. வெற்றிலை இலக்கணத்தில் நான்காவது விதி ஒன்று சேர்ந்தது, அவ்வளவே. அனைவரும் விட்டுவிட்டனர் என்று சொல்ல மாட்டேன். என் தாயின் தோழியர் சிலர் இறுதிவரை மென்றனர்.

ஆனால், வேறொன்று பரவிற்று. நண்பகல் வேலை ஓய்ந்ததும் பெண்கள் கொல்லையிலோ படித்துறையிலோ கூடுவர். ஒருத்தி, "வெயிலுக்கு வாத்தா" என்பாள். மற்றவள் கதிரவனைப் பார்த்து நின்று, கன்னத்தை இழுத்துக் காட்டுவாள். பேன் பார்ப்பதைப் போல இதுவும் ஒரு வழக்கமாயிற்று. வெள்ளையாக ஏதேனும் தெரிந்தால் இருவராகச் சேர்ந்து தேனிக்குப் பேருந்து ஏறுவர். இரண்டு தெருக்களிலிருந்து மட்டும் இத்தனை பேர் காலத்தோடு வருகிறார்களே என்று மருத்துவர் வியந்ததாகத் தாய் சொல்லுவார்.

கடைக்கோடி வீட்டுக்காரியை எவரும் வெயிலுக்கு அழைக்கவில்லை. சுவர்ச் சண்டை, சொற்சண்டை என்று அவர் ஒவ்வொரு வீட்டோடும் பேச்சை முறித்திருந்தார். தனியே மென்றார், தனியே இருந்தார். கன்னத்தின் வெளிப்புறம் வரை வந்த பிறகே பிறர்க்குத் தெரிந்தது. அவர் இறந்த வீட்டிற்கு அனைவரும் சென்றோம். அங்கே அத்தை சொன்னதைப் பலர் கேட்டிருப்பீர்கள்.

"பேச்சுத்தானே இல்ல. வாயையுமா பாக்காம விட்டோம்?"

அதன் பின் அத்தை ஒரு விதி செய்தார். பேச வேண்டாம், முகம் கொடுக்க வேண்டாம், வாயை மட்டும் காட்டிவிட்டுப் போகலாம். பாகப்பிரிவினையில் முறிந்துபோன ஓரகத்திகள் இருவர், ஒரு சொல்லும் பேசாமல், படித்துறையில் எதிரெதிரே நின்று வாய் திறந்து பார்த்துவிட்டு, ஆளுக்கொரு திசையில் நடந்து சென்றதை நான் கண்டிருக்கிறேன். இளம் மருத்துவர் அவர்களே, தங்கள் கூட்டத்தில் நான் தலையசைக்காத காரணம் இதுதான். தன் கொடுப்பைத் தானே பார்க்க எவராலும் எளிதில் இயலாது. வெயிலும் இன்னொருவர் கண்ணும் வேண்டும்.

இதிலுள்ள பிழைகளை அறிந்தோர் திருத்த வேண்டுகிறேன். வெண்திட்டு வலக் கொடுப்பில் இருந்ததாக என் தமக்கை வாதிடுகிறார். நான் எதிரே நின்று பார்த்ததால் இடம் வலம் மாறியிருக்கலாம். இலை தட்டுக்கு, காய் வாய்க்கு என்ற சொல் கூடத்தில் பிறந்ததன்று, கொல்லையிலேயே பிறந்தது என்றும் அவர் சொல்கிறார். அவர் கதவுக்குப் பின்னே நின்றவர், நான் கிணற்றடியிலிருந்து பின்கட்டு வழியே ஓடி வந்தவள். இலையா காயா என்னும் கேள்வி முதலில் மார்க்கையன்கோட்டைத் திருமணம் ஒன்றில் எழுந்தது என்போரும் உளர். அன்று அங்கிருந்தவர்கள் எழுதித் தெரிவித்தால் நன்றியோடு மாற்றிக்கொள்வேன். முதலில் வாயைத் திறந்து காட்டியவர் என் அத்தை. அதனை மட்டும் எவர் சொன்னாலும் மாற்றமாட்டேன்.